மூன்று நாள் மெட்ராஸும் மூன்று நாள் மழையும்

எங்கள் தாயில்பட்டியில் யாருக்கு என்ன காரியம் ஆக வேண்டியிருந்தாலும், தீபாவளி கழியட்டும் என்பார்கள். கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது, ஆடுகிற பல்லைப் பிடுங்குவது எல்லாமே தீபாவளி கழிந்துதான். அதுவரைக்கும் சீசன், மூச்சுவிட நேரமிருக்காது. அது முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகள் ஒரு மாதம் போல சாத்திக் கிடக்கும். வருஷத்துக்கு வேண்டிய சொந்த வேலைகளையெல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் என் மனைவி சாராளுக்கு மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து, நவம்பரில் வந்து சேருகிறீர்களா அல்லது ஜனவரியிலா என்று கேட்டுக் கடிதம் வந்தபோது, நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் நவம்பர் என்று எழுதிப் போடச் சொன்னேன்.

சாராள் சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அதற்கு முந்தின வருஷம் எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு ஷெட்டில் தீப்பிடித்தது. மூன்று பேரை அவளுடைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே தீக்காயத்துக்குப் பெரிதாக வைத்தியம் கிடையாது. லாரியில் வாழை இலை விரித்து மதுரைக்கு ஏற்றிவிட்டார்கள். சாராளும் கூடப் போனாள். விருதுநகர் தாண்டுவதற்குள் ஒருத்தர் போய்விட்டார். திரும்பி வந்தவள் நாலு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு அவளுடைய ஆஸ்பத்திரி டாக்டரம்மா எங்கெங்கோ எழுதிப் போட்டு, மெட்ராஸில் தீக்காய வார்டில் ஒரு வருஷப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வருஷம். அம்மாவுக்கு இது துளிகூடப் பிடிக்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை, இந்த லட்சணத்தில் பெண்டாட்டியைத் தனியாக அனுப்புகிறானே என்று தெருவிலும் பேசிக்கொண்டார்கள். நான் எல்லார் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நல்ல காரியம், போகட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எனக்குள்ளே ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு, அவள் போகாவிட்டால்தான் என்ன என்று கேட்டபடி இருந்தான். அவனை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை காலையிலேயே போய் இறங்கிவிட்டால் நடுவில் மூன்று நாள் கிடைக்கும். அந்த மூன்று நாளுக்காகத்தான் நான் அவ்வளவு திட்டம் போட்டேன். எங்கள் வீடு ஒரே ஒரு பெரிய அறை. அம்மா, அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள் நாலு பேர், அப்புறம் நாங்கள். ஆறு வருஷத்தில் நானும் சாராளும் ஒரு முழுப் பகலைத் தனியாகக் கழித்ததே கிடையாது. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் கிணற்றடியிலும் பஸ் நிறுத்தத்திலும்தான்.

கம்பெனியில் அச்சு பிசகின லேபிள் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒரு பக்கம் தலை இடம் மாறின மயில், மறு பக்கம் வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கத்தில் எங்கள் மெட்ராஸை எழுதினேன். எனக்கு இரண்டு ஆலோசகர்கள். ஒருத்தர், ஆர்டர் பிடிக்க வருஷா வருஷம் மெட்ராஸ் போய்வரும் ஏஜெண்ட் மாரியப்ப அண்ணாச்சி. இன்னொருத்தர் எங்கள் சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியார். வாலிபத்தில் அங்கே தங்கிப் படித்தவர். அண்ணாச்சி கோடையில் போவார். ஆகையால் அவர் சொன்னதெல்லாம் வெயிலைப் பற்றியும் தண்ணீர் கிடைக்காததைப் பற்றியும்தான். உபதேசியார் எந்த இடத்தைச் சொன்னாலும் டிராமில் ஏறித்தான் ஆரம்பிப்பார். இரண்டு பேரும் ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் மறுத்தார்கள். நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

அண்ணாச்சி ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். "ஊரு எதுன்னு கேட்டா விருதுநகருன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. சிவகாசிப் பக்கம்னு வாயத் திறந்துறாதீக. அம்புட்டுப் பேரும் பட்டாசு எங்கன்னு கேப்பான்."

வெள்ளி காலை எட்டு மணிக்கு இறங்குவது முதல் ஞாயிறு ராத்திரி படுப்பது வரைக்கும் மணிக்கணக்குப் போட்டு எழுதியிருந்தேன். மியூசியம், மிருகக்காட்சி சாலை, மூர் மார்க்கெட், ஹார்பரில் கப்பல். முதல் இரண்டையும் எங்கள் பக்கத்துச் சனங்கள் செத்த காலேஜ், உயிர் காலேஜ் என்று சொல்வார்களே, அதையும் அப்படியே எழுதியிருந்தேன். சாராள் இந்தத் தாளை ஒரு தடவைகூடக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. ஆனால் ஒருநாள் எடுத்துப் பார்த்தால் அடியில் பென்சிலால், கடலில் கால் நனைக்க வேண்டும் என்று அவளுடைய கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. அவள் ஆசைப்பட்டு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று முழுவதும் கம்பெனியில் காரணமில்லாமல் எல்லாரிடமும் சிரித்துப் பேசினேன்.

மழை என்ற சொல் அந்தத் தாளில் எங்கேயும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கும் மழை உண்டுதான். ஆனால் அது சாயங்காலம் வந்து, கரிசல் மண்ணை ஒரு தடவை நனைத்துவிட்டுப் போய்விடும். வைப்பாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போகிறவர்கள் நாங்கள். ஒரு மழை மூன்று நாள் நிற்காமல் பெய்யும் என்று யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ரயிலில் எதிரே இருந்தவர் பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார். நான் என்னை அறியாமல் எழுந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். பெட்டியே என்னைப் பார்த்தது. பன்னிரண்டு வருஷம் பட்டாசு ஷெட்டில் நின்றவனுக்குத் தீக்குச்சியைக் கண்டால் கை சும்மா இருக்காது. மன்னிப்புக் கேட்டு, விவரத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி, பட்டாசு ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா என்பதுதான். விழுப்புரம் வருவதற்குள் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரு தடவை கேட்டுவிட்டார்கள்.

எழும்பூரில் இறங்கி வெளிவாசலுக்கு வந்தோம். டிக்கெட் பரிசோதகர் கையை நீட்டினார். நான் பெட்டியைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். எங்கள் கம்பெனி வாசலில் தினம் அப்படித்தான். பையில் தீப்பெட்டியோ இரும்போ இருக்கிறதா என்று வாட்ச்மேன் தடவிப் பார்த்த பிறகு வெறுங்காலோடு உள்ளே போவோம். பரிசோதகர் என்னை மேலும் கீழும் பார்த்து, டிக்கெட்டைக் கொடுங்கள் போதும் என்றார்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சாராள் சிரிக்கிறாள். முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளாமல், கண்ணில் நீர் வர, ஸ்டேஷன் அதிரச் சிரிக்கிறாள். வீட்டில் அவள் சிரித்தால் உதடு மட்டும்தான் விரியும். அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பது ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னொரு தடவை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கலாமா என்றும் இருந்தது.

வெளியே வந்து ஒருவரிடம் டிராம் எங்கே நிற்கும் என்று கேட்டேன். அது நின்றுபோய் வருஷக்கணக்காகிறது என்றார். அவர் சொல்லி முடிக்கும்போது மழை பிடித்தது. கடைசியில் ஒரு ரிக்‌ஷாவில் நனைந்துகொண்டே சிந்தாதிரிப்பேட்டை போனோம். அண்ணாச்சி சொல்லி வைத்திருந்த மெஸ் அங்கே இருந்தது. கீழே சாப்பாடு, மாடியில் வாடகைக்கு இரண்டு அறை. மெஸ் நடத்தும் அம்மாள் எங்கள் கோலத்தைப் பார்த்துத் துண்டு கொடுத்தாள். ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். "கார்த்திகை பொறக்குற நேரத்துல யாருனா மெட்ராஸ் சுத்திப் பாக்க வருவாங்களா? உங்க ஊர்ல பஞ்சாங்கம் கெடையாதா?" என்றாள். தீபாவளி கழிந்துவிட்டதே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு மழை விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் சாம்பாரில் லேசாக வெல்லம் இருந்தது. சாராள் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அறைக்கு வந்து, கொண்டுபோயிருந்த சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஒரே நாளில் அது நமத்துப்போய் நூல் மாதிரி வளைந்தது. சேவு நமத்துப்போகும் என்பதையே நாங்கள் அன்றுதான் கண்டோம். எங்கள் ஊர்க் காற்றில் ஒரு மாதம் வைத்தாலும் முதல் நாள் போலவே நொறுங்கும். அந்த வளைந்த சேவை அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். இரண்டு பேரும் முழுப் பொட்டலத்தையும் தின்று தீர்த்தோம்.

சனிக்கிழமை கடற்கரைக்காவது போய்விட வேண்டும் என்று கிளம்பினோம். என்னிடம் இருந்தது வெயிலுக்குப் பிடிக்கிற குடை. இரண்டாவது தெருவிலேயே காற்றில் திரும்பிக்கொண்டு கம்பிகளைக் காட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். ரிக்‌ஷாக்காரர் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்த்துவிட்டு, இதுக்கு மேல போனா வண்டி மெதக்கும் சார் என்று எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். சாராள் இறங்கும்போது சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் கொஞ்சநேரம் நின்றாள். கடல் வரவில்லையென்றால் என்ன, கால் நனைந்துவிட்டது என்றாள். எனக்கு அழுகை வரும் போல இருந்தது. நவம்பர் என்று எழுதச் சொன்னவன் நான் அல்லவா.

அன்று சாயங்காலம் மாடி வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சின்ன வயதில் தன் அப்பாவோடு திருநெல்வேலிக்கு நடந்துபோனதைப் பற்றிச் சொன்னாள். சண்டே ஸ்கூலில் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினதைச் சொன்னாள். எல்லாமே நான் கேட்டிராத சேதி. நான் என் கையை அவளிடம் காட்டினேன். ரேகைகளில் அலுமினியப் பொடி ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் வெள்ளி போல மினுங்கும். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாராவது வந்துவிடுவார்களோ என்று நாங்கள் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்குள்ளே உட்கார்ந்திருந்தவன் வெளியே வந்துவிட்டான். "ஜனவரிக்கு மாத்திக்கிடலாமா சாராளு? இப்ப ஊருக்குப் போயிட்டு அப்புறம் வருவோமே," என்றேன். சொல்லும்போதே தெரியும், ஜனவரியில் கம்பெனி திறந்திருக்கும், எனக்கு லீவு கிடைக்காது, அவளைத் தனியாக அனுப்ப அம்மா விடமாட்டாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோகும். அவளுக்கும் அது தெரியும். அவள் மழையைப் பார்த்தபடி இருந்தாள். என் கையை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும் வழியில்லை. அறையிலேயே அவள் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தாள், நான் ஜெபம் பண்ணினேன். என்ன கேட்டு ஜெபம் பண்ணினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கும்போது கீழே ஒரு அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். மெஸ்ஸின் சமையல்காரர் கோவிந்தன், ஐம்பது வயதுக்காரர், அடுப்படியில் உட்கார்ந்து துடித்துக்கொண்டிருந்தார். ஈரத் தரையில் கால் வழுக்கி, கொதிக்கிற ரசம் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் கொட்டிவிட்டது. ஒருத்தர் மைப்புட்டியோடு வந்தார், ஒருத்தர் இட்லி மாவை அள்ளினார். சாராள் இரண்டு பேரையும் கையால் தள்ளினாள். இத்தனை நாளும் அடுத்தவர் முன்னால் குரல் உயர்த்தாதவள், ஒண்ணையும் பூசக் கூடாது, தள்ளுங்க என்று அதட்டினாள். குடத்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். என்னிடம், வெள்ளை வேட்டி இருந்தால் கிழித்து வெந்நீரில் போட்டு எடுங்கள் என்றாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு உடுத்திக்கொள்ளக் கொண்டு வந்திருந்த புது வேட்டியைக் கிழித்தேன்.

அரைமணி நேரம் போல தண்ணீர் ஊற்றியிருப்பாள். கோவிந்தன் அழுகையை நிறுத்தி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொப்புளத்தை உடைக்காமல் துணியைச் சுற்றினாள். அவருடைய வலக்கை அது. விரல் பழையபடி மடங்குமா அம்மா, கரண்டி பிடிக்க முடியுமா என்று கேட்டார். சாராள் கட்டின முடிச்சை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு, நாளைக்கு நான் போகிற ஆஸ்பத்திரிக்கே உங்களையும் கூட்டிப் போகிறேன், அங்கே சொல்வார்கள் என்றாள்.

மாடிக்கு வந்து கதவைச் சாத்தினதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அவரு கேட்டதுக்கு என்கிட்ட பதிலு இல்ல. தண்ணி ஊத்துவேன், துணி கட்டுவேன். எனக்கு இம்புட்டுத்தான் தெரியும். நம்ம ஊருலயும் அன்னைக்கு இம்புட்டுத்தான் தெரிஞ்சது," என்றாள். அந்த லாரியைப் பற்றி அவள் என்னிடம் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. செத்துப்போன மனுஷர் உயிர் போகிற வரைக்கும் தண்ணீர் கேட்டாராம். கொடுக்கலாமா கூடாதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லையாம். கொடுக்காமலே இருந்துவிட்டாளாம்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜனவரியைப் பற்றி அதன் பிறகு நான் பேசவில்லை.

திங்கட்கிழமை மழை தூறலாகக் குறைந்தது. கோவிந்தனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவரைப் புற நோயாளிகள் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பயிற்சிக்குச் சேர்க்கிற ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா நல்ல மனுஷர். கடிதத்தைப் பார்த்துவிட்டு, மழையில் ரயில் தாமதமாகிப் பாதிப் பேர் வந்து சேரவில்லை என்றார். அப்புறம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். எங்கள் முகத்தில் என்ன தெரிந்ததோ. "வேணும்னா உங்க வீட்டம்மா ஜனவரி பேட்ச்ல சேர்ந்துக்கலாம். அந்த இடம் எங்கயும் போகாது. வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க," என்றார்.

கேட்காமலே கிடைத்துவிட்டது. ஒரு தலையாட்டல் போதும், அன்று சாயங்கால ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போகலாம். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. சாராள் என் பக்கம் திரும்பி நின்றாள். புருஷன் சொல்லட்டும் என்று நிற்கிற நிற்பு அது. வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"வேண்டாம் சார். இன்னைக்கே சேந்துக்கிடட்டும்," என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கையெழுத்தெல்லாம் முடிந்து, ஹாஸ்டல் வாசல் வரைக்கும் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆண்களுக்கு அதற்குமேல் அனுமதியில்லை. அவள் பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். நாலு பேர் போய்வருகிற இடம்.

"சனிக்கிழமை கேட்டீகள்ல. அன்னைக்கே சரின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு," என்றாள். "இப்பவும் நீங்க தலைய ஆட்டியிருந்தா வந்திருப்பேன்."

அவளுக்கும் என்னோடு வர மனசு இருந்தது முன்பே தெரிந்திருந்தால் என்னால் வேண்டாம் என்று சொல்லியிருக்கவே முடியாது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திருப்பம் வரைக்கும் நேராக நடந்தாள். திருப்பத்தில் நின்று ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் போய்விட்டாள்.

கோவிந்தனுக்கு மருந்து போட்டுக் கட்டி அனுப்பியிருந்தார்கள். விரல் மடங்கும், நாளாகும் என்று டாக்டர் சொன்னாராம். அவரை மெஸ்ஸில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வழி முழுக்க நான் தூங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். சிவகாசிப் பக்கம் என்று சொன்னேன், பட்டாசைப் பற்றிக் கேட்டார், செங்கல்பட்டு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். பேச்சுத்துணை வேண்டியிருந்தது.

சாத்தூரில் இறங்கி, பஸ் பிடித்து ஊருக்கு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். ஏஜெண்ட் அண்ணாச்சியும் உபதேசியாரும் எங்கள் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார்கள். டிராமில் போனீர்களா என்றார் உபதேசியார். தண்ணீர் கிடைத்ததா என்றார் அண்ணாச்சி. கிடைத்தது என்றேன்.

அம்மா சோறு போட்டாள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஏலே, மெட்ராஸ் எப்பிடி ஊருலே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு அந்த ஊரில் ஒரு இடமும் தெரியாது. கடலைப் பார்க்கவில்லை, கப்பலைப் பார்க்கவில்லை.

"நல்ல ஊரும்மா," என்றேன். "அவ அங்கன இருக்கா."